க்ரூவ்பாக்ஸ் என்றால் என்ன? காசு போட்டு வாங்கியவர்களே ஏன் புலம்புகிறார்கள்? - முழு விவரம்

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் அடிக்கடி கண்ணில் பட்டிருக்கும். ஒரு புத்தக அளவுக்குப் பெட்டி, அதில் வரிசையாக மின்னும் பட்டன்கள். ஒருவர் விரலால் தட்டத் தட்ட டிரம்ஸ், பேஸ், மெலடி என ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இரண்டே நிமிடத்தில் ஒரு பீட் ரெடியாகிவிடும். பக்கத்தில் லேப்டாப் இருக்காது, மவுஸ் இருக்காது. அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் க்ரூவ்பாக்ஸ்.

பார்த்ததும் 'நாமளும் ஒண்ணு வாங்கலாமா' என்று தோன்றும். ஆனால் வாங்கி வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பாதி நேரம் பாராட்டு, பாதி நேரம் புலம்பல். 'எல்லாம் இருக்கு, இந்த ஒண்ணு மட்டும் இருந்திருந்தா...' என்ற வாக்கியத்தைச் சொல்லாத ஆளே இல்லை எனலாம்.

இதன் விலை பலருக்கு ஒரு மாதச் சம்பளம். எனவே பெட்டியில் என்ன இருக்கும், என்ன இருக்காது, இல்லாதது ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

க்ரூவ்பாக்ஸ் என்ன செய்யும்?

மூன்று கருவிகளை ஒரே பெட்டிக்குள் அடைத்தால் அது க்ரூவ்பாக்ஸ். முதலாவது, தாளம் கொடுக்கும் டிரம் மெஷின். இரண்டாவது, ஒலியை உருவாக்கும் சின்தசைசர் அல்லது வெளி ஒலியைப் பதிவுசெய்து திருப்பி வாசிக்கும் சாம்ப்ளர். மூன்றாவது, எந்த ஒலி எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் சீக்வென்சர். இந்த மூன்றாவதுதான் பெட்டியின் உயிர்.

சீக்வென்சரைப் புரிந்துகொள்ள, கோலத்துக்குப் புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வரிசையாக 16 பட்டன்கள். 1, 5, 9, 13 ஆகிய பட்டன்களில் 'கிக்' டிரம்மை வைக்கிறீர்கள். 5, 13-ல் கைதட்டல். 3, 7, 11, 15-ல் ஹை-ஹாட். பிளே பட்டனை அழுத்தினால், உலகம் முழுக்க டான்ஸ் கிளப்களில் கேட்கும் ஹவுஸ் பீட் வந்துவிடும். அவ்வளவுதான். இப்படி வைத்த ஒரு தொகுப்புக்கு 'பேட்டர்ன்' என்று பெயர்.

இதன் கதை எங்கே தொடங்கியது?

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் டி.ஆர்-808 என்ற டிரம் மெஷினையும், 1981-ல் டி.பி-303 என்ற பேஸ் மெஷினையும் கொண்டுவந்தது. தனியாக கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் வாசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டதுதான் 303. இரண்டுமே அசல் வாத்தியம் போல ஒலிக்கவில்லை என்பதால் விற்பனை சுமார்தான். 808-ன் தயாரிப்பு 1983-லும் 303-ன் தயாரிப்பு 1984-லும் நின்றுபோனது.

ஆனால் செகண்ட் ஹேண்ட் கடைகளில் விலை சரிந்தபோது, கையில் காசு இல்லாத அமெரிக்க இளைஞர்கள் அதை வாங்கினார்கள். ஹிப்-ஹாப், டெக்னோ, ஹவுஸ் எல்லாம் அந்தப் பெட்டிகளைச் சுற்றி வளர்ந்தன. 1987-ல் சிகாகோவைச் சேர்ந்த ஃபியூச்சர் குழு 303-ஐ வைத்து வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்', ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகைக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. மும்பையில் இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-லேயே இதே 808-ஐயும் 303-ஐயும், ரோலண்டின் ஜூபிடர்-8 சின்தசைசரையும் வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ பீட்டில் வாசித்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஒரு சுரத்தில் இருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் 303-ன் 'ஸ்லைட்' வசதி ராகத்துக்குப் பொருந்திப்போனது. அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்தபோதுதான், 'சிகாகோவுக்கு ஐந்து வருடம் முன்பே இப்படி ஒரு சத்தமா' என்று உலகம் திரும்பிப் பார்த்தது.

1988-ல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்.பி.சி-60 வந்தது. 1996-ல் ரோலண்ட் எம்.சி-303 என்ற பெட்டியை வெளியிட்டபோது அதற்குச் சூட்டிய பெயர்தான் 'க்ரூவ்பாக்ஸ்'. பிறகு மற்ற கம்பெனிகளின் பெட்டிகளையும் அதே பெயரில் அழைப்பது வழக்கமாகிவிட்டது.

சரி, புலம்பல் என்ன?

1. பீட் வருகிறது, பாட்டு வரவில்லை

முதல் புலம்பல் இதுதான். நான்கு அல்லது எட்டு நொடி பேட்டர்னை உருவாக்குவது சுலபம். ஆனால் பல்லவி, சரணம், இடையிசை என்று அடுக்கி மூன்று நிமிடப் பாட்டாக முடிக்க 'சாங் மோட்' என்ற வசதி தேவை. பல பெட்டிகளில் அது இருப்பதில்லை, இருந்தாலும் அரைகுறையாக இருக்கும்.

ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனம் 2017-ல் டிஜிடாக்ட் என்ற பெட்டியை வெளியிட்டது. மேடைக் கலைஞர்கள் பலரின் ஃபேவரைட் அது. ஆனால் அதில் சாங் மோட் இல்லை. 2022-ல், சுமார் ஐந்து ஆண்டுகள் கழித்து, சாஃப்ட்வேர் அப்டேட் மூலமாகத்தான் அது வந்தது. அதுவரை பயனாளர்கள் பேட்டர்ன்களைச் சங்கிலி போலக் கோத்துச் சமாளித்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

இதனால் என்ன ஆகிறது? பலருடைய பெட்டியில் நூறு பேட்டர்ன் இருக்கும். முடித்த பாட்டு ஒன்றுகூட இருக்காது.

2. போனில் ஜி.பி., பெட்டியில் எம்.பி.

சாதாரண போனிலேயே பல ஜி.பி. மெமரி இருக்கிறது. ஆனால் முதல் டிஜிடாக்ட்டில் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு சாம்பிள் மெமரி 64 எம்.பி.தான். 2023 நவம்பரில் டீனேஜ் இன்ஜினியரிங் வெளியிட்ட ஈ.பி-133 கே.ஓ.2 பெட்டியும் 64 எம்.பி. மெமரியோடுதான் வந்தது.

64 எம்.பி. எவ்வளவு என்று ஒரு கணக்கு போடுவோம். சி.டி. தரத்தை ஒட்டிய ஒலியை மோனோவாகப் பதிந்தால், ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 96 கே.பி. பிடிக்கும். அப்படியானால் 64 எம்.பி.யில் 11 முதல் 12 நிமிடம் வரை அடங்கும். ஸ்டீரியோ என்றால் அதில் பாதி. டிரம் சத்தங்களுக்கு இது தாராளம். ஒருவரைப் பாட வைத்து முழுப் பாட்டையும் பதியலாம் என்று நினைத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

3. எல்லா சத்தமும் ஒரே பைப்பில்

பெரும்பாலான பெட்டிகளில் ஒலி வெளியே வர ஒரு ஜோடி ஓட்டைதான். டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் கலந்தே வெளியே வரும். சாம்பாரில் போட்ட உப்பை மாதிரி, கலந்த பிறகு பிரிக்க முடியாது. ஸ்டூடியோவில் கொடுத்து மிக்ஸிங் செய்ய வேண்டும் என்றால் ஒவ்வொரு டிராக்கும் தனித்தனியாக வேண்டும்.

இதற்கு ஒரு வழி, யூ.எஸ்.பி. கேபிள் மூலம் டிராக்குகளைத் தனித்தனியாக கம்ப்யூட்டருக்கு அனுப்புவது. எலெக்ட்ரானின் 'ஓவர்பிரிட்ஜ்' அப்படிப்பட்ட வசதிதான். ஆனால் டிஜிடாக்ட் அறிமுகத்தின்போதே சொல்லப்பட்ட இந்த வசதி உடனே கைக்கு வரவில்லை. வாங்கியவர்கள் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 'வரும்' என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கொடுப்பதில் உள்ள ரிஸ்க்குக்கு இது ஓர் உதாரணம்.

4. பேட்டரி வந்தால் ஸ்பீக்கர் போகும்

பிரிட்டனின் நோவேஷன் 2015-ல் வெளியிட்ட சர்க்யூட் பெட்டியில் ஸ்பீக்கர் இருந்தது, ஆறு பென்சில் பேட்டரி போட்டும் ஓட்டலாம். 2021-ல் அதன் அடுத்த தலைமுறையாக சர்க்யூட் டிராக்ஸ் வந்தது. சார்ஜ் செய்யும் பேட்டரி உள்ளேயே வந்துவிட்டது என்று மகிழ்வதற்குள், ஸ்பீக்கரைக் காணோம்! 

ஏபிள்டன் நிறுவனம் 2024 அக்டோபரில் 449 டாலருக்குக் கொண்டுவந்த 'மூவ்' பெட்டியில் ஸ்பீக்கர், மைக், பேட்டரி மூன்றும் உண்டு. 64 ஜி.பி. சேமிப்பிடமும் உண்டு. ஆனால் டிராக்குகள் நான்கே நான்கு. ஒன்று கொடுத்தால் ஒன்று பறிக்கப்படும் என்பது இந்தத் துறையின் எழுதப்படாத விதி போலிருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம். உள்ளேயே பொருத்திய பேட்டரிக்கு ஆயுள் குறைவு. சில ஆண்டுகளில் அதன் திறன் குறையும். பயனாளரே கழற்றி மாற்ற முடியாத வடிவமைப்பு என்றால், பேட்டரிக்காக மொத்தப் பெட்டியையும் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டிவரும். பென்சில் பேட்டரி பழைய காலத்து விஷயமாகத் தெரிந்தாலும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

5. ஷிஃப்ட் பிடி, மெனு போ, மறுபடி ஷிஃப்ட் பிடி

பெட்டி சின்னதாக ஆக ஆக ஒரு பட்டனுக்கே மூன்று நான்கு வேலை வந்துவிடுகிறது. ஒலியைக் கொஞ்சம் மந்தமாக்க வேண்டும் என்றால் ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்தி, மெனுவுக்குள் நாலு படி இறங்க வேண்டும். திரை இல்லாத பெட்டிகளில் எந்த நிற விளக்குக்கு என்ன அர்த்தம் என்பதையே மனப்பாடம் செய்ய வேண்டும். இரண்டு மாதம் தொடாமல் வைத்துவிட்டு எடுத்தால், மறுபடி அ, ஆ-வில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இதோடு சேர்ந்த கோரிக்கை, 'அன்-டூ'. தவறுதலாக ஒன்றை அழித்துவிட்டால் திரும்பக் கொண்டுவரும் வசதி கம்ப்யூட்டரில் நமக்குப் பழகிப்போன ஒன்று. பல பெட்டிகளில் அது ஒரு படிதான் பின்னே போகும், சிலவற்றில் சில வேலைகளுக்கு மட்டும்தான் செல்லும்.

6. எல்லாமே நாலுக்கு நாலு

16 பட்டன் என்பதே நான்கு அடி, ஒவ்வொன்றிலும் நான்கு பிரிவு என்ற மேற்கத்திய கணக்கில் உருவானது. நம் ஊர் தாளங்கள் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. திஸ்ர நடைக்கு 12 படி வேண்டும். மிஸ்ர சாப்புக்கு 7 அல்லது 14 படி. கண்ட சாப்புக்கு 5 அல்லது 10 படி.

பேட்டர்னின் நீளத்தை மாற்ற விடும் பெட்டியில் இது பிரச்னை இல்லை. கோர்க் நிறுவனம் 2013-ல் கொண்டுவந்த, விலை குறைந்த வோல்கா வரிசையிலேயே குறிப்பிட்ட படிகளை அணைத்துவிட்டுத் தாண்டிப்போகச் செய்யலாம். அதைவிட மேலான வசதி, ஒவ்வொரு டிராக்குக்கும் தனி நீளம். ஒரு டிராக் 16 படி, இன்னொன்று 12 படி என்று வைத்தால், இரண்டும் 48 படிகளுக்கு ஒருமுறைதான் ஒரே இடத்தில் வந்து சேரும். 16-ம் 14-ம் என்றால் 112 படிகள். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்கு இந்த 'வந்து சேர்வதன்' சுகம் தெரியும். நம்மூர் ஆட்கள் வாங்கும் முன் முதலில் பார்க்க வேண்டிய வசதி இது.

கம்பெனிகள் ஏன் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை?

'ஆயிரம் ரூபாய் பென் டிரைவிலேயே 64 ஜி.பி. இருக்கு, இவங்களுக்கு என்ன கஷ்டம்?' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் சில காரணங்கள் இருக்கின்றன.

வேகம்: பட்டனைத் தட்டிய கணமே ஒலி வர வேண்டும். பொதுவாக 10 மில்லி விநாடியைத் தாண்டினாலே விரல் அந்தத் தாமதத்தை உணர ஆரம்பிக்கும். சேமிப்பிடத்தில் இருந்து தேடி எடுத்தால் தாமதம் வரும் என்பதால், ஒலிகளை வேகமான ராம் மெமரியில் ஏற்றி வைப்பதுதான் சுலபமான வழி. அது பென் டிரைவ் மெமரி போல மலிவு இல்லை.

எண்ணிக்கை: போன் கோடிக்கணக்கில் விற்கும். க்ரூவ்பாக்ஸ் அப்படி இல்லை. சரித்திரம் படைத்த 808-ஏ மொத்தம் ஏறத்தாழ 12,000 தான் தயாரானது என்கிறார்கள். குறைவாகத் தயாரிக்கும் பொருளில் ஒவ்வொரு கூடுதல் ஓட்டைக்கும், திரைக்கும் செலவு அதிகம்.

சப்ளை: 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகா நகரில் ஏ.கே.எம். நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பிடித்தது. டிஜிட்டல் ஒலியை மின்சார அலையாக மாற்றும் சிப்கள் அங்கேதான் தயாராகின. ஆடியோ சாதனத் துறையே அதனால் தடுமாறியது. சில சிப்களை மட்டுமே நம்பியிருக்கும் சின்ன நிறுவனங்கள் டிசைனை அடிக்கடி மாற்றத் தயங்குவதற்கு இதுவும் காரணம்.

வியாபாரம்: இதையும் மறைப்பதற்கில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொடுத்துவிட்டால் அடுத்த மாடலை யார் வாங்குவார்கள்? முதல் டிஜிடாக்ட்டில் மோனோ சாம்பிள், 8 ஆடியோ டிராக். 2024-ல் வந்த டிஜிடாக்ட் 2-ல் ஸ்டீரியோ, 16 டிராக். பழசை வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டும் அப்டேட்டில் கிடைக்காது. புதுசு வாங்கினால்தான்.

வாடிக்கையாளர்களே சரிசெய்த கதை

நியூசிலாந்தின் சின்த்ஸ்ட்ராம் ஆடிபிள் ஒரு சின்ன நிறுவனம். அதன் டெல்யூஜ் என்ற பெட்டிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. 'இந்த வசதி வேண்டும், அந்த வசதி வேண்டும்' என்ற பட்டியல் நீண்டுகொண்டே போனது. 2023-ல் அந்த நிறுவனம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேரையே ஓப்பன் சோர்ஸாக, யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தும்படி திறந்துவிட்டது.

அதன் பிறகு, வாங்கிய பயனாளர்களிலேயே புரோகிராமிங் தெரிந்தவர்கள் ஒன்றுசேர்ந்து தங்களுக்கு வேண்டிய வசதிகளைத் தாங்களே எழுதிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். எழுதியதை மற்றவர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒரு கம்பெனி கைவிட்டாலும் பெட்டி சாகாது என்பதற்கு இது ஒரு வழி. பெரிய நிறுவனங்கள் இந்தப் பாதைக்கு வரத் தயங்குகின்றன.

குறை இருப்பதும் நல்லதுதானா?

இப்படியும் ஒரு கட்சி உண்டு. டீனேஜ் இன்ஜினியரிங் 2011-ல் வெளியிட்ட ஓ.பி-1 பெட்டியில், பழைய டேப் ரெக்கார்டர் மாதிரி நான்கு டிராக், ஆறு நிமிடம் மட்டும்தான். எல்லை இருப்பதால்தான் ஆயிரம் ஆப்ஷனில் தொலையாமல் சீக்கிரம் முடிவெடுக்க முடிகிறது என்று அதன் ரசிகர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. குறளுக்கு ஏழு சீர்தான் என்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லையே!

ஆனால் எல்லை வேறு, இடைஞ்சல் வேறு. நான்கு டிராக் மட்டும் என்பது எல்லை. செய்த வேலையை சேமிக்க இசையை நிறுத்த வேண்டும், தவறாக அழித்ததை மீட்க முடியாது என்பதெல்லாம் இடைஞ்சல். முதலாவது உங்களை யோசிக்க வைக்கும். இரண்டாவது உங்கள் நேரத்தைத் தின்னும். வாங்கும்போது இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* பேட்டர்னை முழுப் பாட்டாக அடுக்க முடியுமா? சாங் மோட் இன்று இருக்கிறதா, 'வரப்போகிறதா'?
* ஒவ்வொரு டிராக்குக்கும் தனி நீளம் வைக்க முடியுமா?
* டிராக்குகளைத் தனித்தனியாக வெளியே எடுக்க வழி உண்டா?
* பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சேமிக்கவும், அடுத்த ப்ராஜெக்ட்டைத் திறக்கவும் முடியுமா? மேடையில் வாசிப்பவர்களுக்கு இது முக்கியம்.
* பேட்டரியை நாமே மாற்ற முடியுமா?
* மிடி கேபிள் எந்த வகை? சின்ன ஹெட்போன் பின் வடிவில் வரும் மிடியில் 'ஏ', 'பி' என இரண்டு வகை உண்டு. 2018-ல் 'ஏ' வகைதான் தரநிலை என முடிவானாலும், பழைய பெட்டிகள் சிலவற்றில் 'பி' வகை இருக்கும். மாற்றிச் செருகினால் இரண்டு பெட்டிகளும் பேசிக்கொள்ளாது.
* கடைசி சாஃப்ட்வேர் அப்டேட் எப்போது வந்தது? இரண்டு மூன்று வருடமாக எதுவும் இல்லை என்றால், இப்போது இருப்பதுதான் கடைசி வரை.

வெளிநாட்டுத் தளங்களில் பார்க்கும் டாலர் விலையை அப்படியே ரூபாய்க்கு மாற்றி பட்ஜெட் போடாதீர்கள். கூரியர் செலவும் சுங்க வரியும் சேரும். ரிப்பேர் என்றால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் முறை முயற்சி செய்பவரா? உடனே பணம் போட வேண்டாம். கோலா சாம்ப்ளர் போன்ற ஆப்கள் போனிலேயே சாம்பிள் எடுத்து பீட் செய்ய உதவும். ஐபோனில் கராஜ்பேண்ட் இலவசம். இரண்டு மூன்று மாதம் அதில் தட்டிப் பாருங்கள். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றையாவது முடித்துவிட்டீர்கள் என்றால், உங்களுக்கு எந்த வசதி இல்லாமல் முடியாது, எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். அந்தப் பட்டியலோடு கடைக்குப் போங்கள்.

முக்கியமான ஒன்று. 'அடுத்த அப்டேட்டில் வரும்' என்று யார் சொன்னாலும், அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். வந்தால் அது போனஸ். இன்றைக்குப் பெட்டியில் என்ன இருக்கிறதோ, அதற்கு மட்டும்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள்.